அத்தானின் பழைய போனில் கிடந்த 24 துண்டுகள்

தென்காசியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அத்தான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்துக் காட்டினார். பேட்டரி உப்பிப்போய்ப் பின்மூடியை நெம்பிக்கொண்டிருந்தது.

"மாப்ளே, வெளிநாட்டுக்காரங்க லோகோ வேலைக்குக் குடுத்த பிட்காயின் எல்லாம் இதுலதான் இருக்கு. போன் போயிருச்சுன்னா என்ன ஆகும்?"

வாலட் ஆப் கொடுத்த 12 சொற்களை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். போட்டோ எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் போட்டோ அதே போனின் கேலரியில் இருந்தது. கேலரியோ எல்லாப் படங்களையும் தானாகவே கிளவுடுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தது.

வாலட் என்ற பெயரே பலரைக் குழப்பிவிடுகிறது. போனுக்குள் காசு இல்லை. எந்தத் தொகை எந்தச் சாவிக்குக் கட்டுப்பட்டது என்ற கணக்கு, உலகெங்கும் ஓடும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி பதிவாகியிருக்கிறது. போனில் இருப்பது சாவி மட்டும்தான். எல்லாச் சாவிகளும் அந்த 12 சொற்களிலிருந்தே பிறக்கின்றன. ஆக, அந்தப் போட்டோ யார் கண்ணில் பட்டாலும் போனைத் தொடாமலேயே முழுத் தொகையையும் எடுத்துவிடலாம். போன் கெட்டுப்போவதைவிட இது பெரிய ஆபத்து. போனைச் சரிசெய்வது என் வேலை இல்லை, வேறொரு புதிய சாவிக்குக் காசை மாற்றுவதுதான் வேலை என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடவில்லை. மிச்சமிருந்த சார்ஜிலேயே ஆப்பைத் திறந்து, பேக்கப் பகுதியில் காட்டிய 12 சொற்களையும் வரிசை எண்ணோடு தாளில் எழுதினேன். அக்கா ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தாள். போனை அணைத்துவிட்டோம்.

அன்று இரவே என் மடிக்கணினியில் ஸ்பாரோ என்ற வாலட் மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினேன். நிறுவும் முன் அது அசல்தானா என்று கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்தேன். போலி வாலட்டுகளில் காசை இழந்தவர்கள் நிறையப் பேர் என்பதால் இந்தப் பத்து நிமிட வேலையை நான் எப்போதும் விடுவதில்லை. 12 சொற்களையும் தட்டினேன். சொற்கள் சரி என்றது மென்பொருள். இருப்பு: 0.

அத்தான் எதுவும் பேசவில்லை. அக்காதான் "எல்லாம் போச்சா?" என்றாள்.

போகவில்லை. ஒரே 12 சொற்களிலிருந்து காசு வாங்கும் முகவரிகளைப் பலவகையில் உருவாக்கலாம். ஒவ்வொரு வகைக்கும் தனிப் பாதை உண்டு. 1 என்ற எண்ணில் தொடங்கும் பழைய வகை முகவரிகளுக்கு 44 என்ற எண்ணுள்ள பாதை. 2017 ஆகஸ்டில் செக்விட் என்ற பிட்காயின் மேம்பாடு நடைமுறைக்கு வந்த பிறகு பரவிய, பிசி1க்யூ (bc1q) என்று தொடங்கும் முகவரிகளுக்கு 84. ஸ்பாரோ இயல்பாகப் புதிய வகையில் தேடியது. அத்தானின் ஆப் பழைய வகையில் வாங்கியிருந்தது. வகையை மாற்றிக் கொடுத்ததும் வரிசையாக வரவுகள் வந்து விழுந்தன. ஆனால் 20தான். போனில் பார்த்த தொகைக்குக் கொஞ்சம் குறைந்தது.

அடுத்த சிக்கல் அதுதான். தொடர்ந்து 20 முகவரிகள் வெறுமையாக இருந்தால் அதற்கு மேல் ஒன்றும் இருக்காது என்று பெரும்பாலான வாலட்டுகள் தேடலை நிறுத்திவிடும். அத்தானோ விலை கேட்டு எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒரு புது முகவரி அனுப்பியிருக்கிறார். ஒரு காலத்தில் கேட்டவர்கள் யாருமே வேலை கொடுக்கவில்லை. 26 முகவரிகள் வெறுமையாகவே கிடந்தன. அமைப்பில் அந்த எல்லையை 100 ஆக உயர்த்தினேன். மீதி நான்கும் வந்துவிட்டன. மொத்தம் 24 துண்டுகள்.

துண்டு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வங்கிக் கணக்கில் போட்ட பணம் ஒன்றோடொன்று கலந்து ஒரே தொகையாகிவிடும். பிட்காயினில் அப்படி இல்லை. ஒவ்வொரு வரவும் உண்டியலில் விழுந்த தனித்தனி நோட்டு மாதிரி அப்படியே கிடக்கும். செலவழிக்கும்போது தேவையான நோட்டுகளை எடுத்து நீட்ட வேண்டும். மிச்சம் சில்லறையாக நம்முடைய இன்னொரு முகவரிக்குத் திரும்பி வரும். கட்டணத்தின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

பார்சல் ஆபீஸில் பெட்டிக்குள் தங்கம் இருக்கிறதா தவிடு இருக்கிறதா என்று பார்த்தா கூலி போடுகிறார்கள்? எடைதான். பிட்காயினிலும் நீங்கள் அனுப்பும் தொகைக்குக் கட்டணம் இல்லை, பரிவர்த்தனை எத்தனை வி-பைட் (அதன் அளவைச் சொல்லும் அலகு) இடம் பிடிக்கிறது என்பதற்குத்தான் கட்டணம். ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சடோஷி. ஒரு வி-பைட்டுக்கு இத்தனை சடோஷி என்று நாம் விலை சொல்கிறோம். பரிவர்த்தனைகள் பிளாக் என்ற கட்டுகளாகத்தான் கணக்கில் ஏறுகின்றன, ஒரு பிளாக்கில் ஏறக்குறைய 10 லட்சம் வி-பைட்தான் இடம். பிளாக்கைக் கட்டும் மைனர்கள் அதிக விலை சொன்னவற்றை முதலில் ஏற்றுகிறார்கள்.

பழைய வகைத் துண்டு ஒன்றைச் செலவழிக்கச் சுமார் 148 வி-பைட் வேண்டும். பிசி1க்யூ வகையில் அதே வேலை 68-க்குள் முடிந்துவிடும். அத்தானிடம் இருந்தவை எல்லாமே பழைய வகை. அந்தத் துண்டுகளைக் கூட்டிக் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது.

காசு போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலில் தயார் செய்தோம். தயாரிப்பாளரிடமிருந்தே நேராக வாங்கிய ஹார்டுவேர் வாலட் ஒன்று என்னிடம் பிரிக்காமல் இருந்தது. சாவி அந்தக் கருவிக்குள்ளேயே பிறந்து, பரிவர்த்தனைக்கான கையெழுத்தும் உள்ளேயே நடக்கும். கணினிக்குச் சாவி தெரியவே தெரியாது. கருவி தன் திரையில் 24 சொற்களைக் காட்டியது. அத்தான் தன் கையாலேயே எழுதினார். (பெட்டியோடு ஏற்கெனவே சொற்கள் அச்சடித்த அட்டை வந்தால் அது திருடன் அனுப்பியது. அந்தக் கருவியைத் தொடவே கூடாது.) ஒரு சடோஷிகூட அனுப்பும் முன் கருவியை முழுக்க அழித்து, தாளைப் பார்த்து 24 சொற்களையும் திரும்ப ஏற்றச் சொன்னேன். முன்பு காட்டிய அதே முகவரி வந்தது. எழுதியது சரி என்பதற்கு இதைவிட வேறு சான்று கிடையாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் காசைப் போடுபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது.

சோதனைக்கு 60,000 சடோஷியுள்ள ஒரு துண்டை மட்டும் எடுத்தேன். கருவியின் திரையில் தெரிந்த முகவரியை அத்தான் வாசிக்க, நான் மடிக்கணினியில் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். நகலெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் வேறு முகவரியாக மாற்றிவிடும் தீநிரல்கள் உண்டு. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் பார்ப்பது போதாது. அவை ஒத்துப்போகும்படி முகவரி செய்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பரிவர்த்தனையின் அளவு 189 வி-பைட். அப்போது நெரிசலே இல்லை என்பதால் வி-பைட்டுக்கு 1 சடோஷி வைத்து, 189 சடோஷி கட்டணத்தில் அனுப்பினேன். அது என் தவறு. வெள்ளி இரவு பத்து மணிக்கு அனுப்பியது சனி மதியம் வரை ஒரு பிளாக்கிலும் ஏறவில்லை. இரவோடு இரவாக நெரிசல் கூடி, எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை நின்றுகொண்டிருந்தது.

இந்தக் காத்திருப்பு அறைக்கு மெம்பூல் என்று பெயர். அது ஒரே இடத்தில் இருக்கும் ஒரே வரிசை இல்லை. ஒவ்வொரு கணினியும் தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறது. அந்தக் கணினிகளில் பெரும்பாலும் ஓடும் பிட்காயின் கோர் மென்பொருளில் அதன் இயல்பான கொள்ளளவு 300 மெகாபைட். நிரம்பினால் குறைந்த கட்டணத்தவை முதலில் வெளியே போகும். 14 நாள் ஏறாமல் கிடந்தாலும் நீக்கப்படும். நீக்கப்பட்டால் காசு தொலைந்துவிடாது. செலவாகாத துண்டாகப் பழைய இடத்திலேயே இருக்கும். இதை அத்தானுக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவர் பொறுமை இழந்து இணையக் குழு ஒன்றில் உதவி கேட்டுவிட்டார். நான் திரும்பி வந்தபோது உதவிப் பிரிவு என்ற பெயரில் யாரோ தனிச்செய்தி அனுப்பியிருந்தார்கள். "உங்கள் வாலட்டை மீண்டும் ஒத்திசைக்க" என்று ஒரு படிவம். அதில் 12 கட்டங்கள். அத்தான் மூன்று கட்டங்களை நிரப்பியிருந்தார். போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். அப்புறம் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேறு வழியில்லை. சிக்கிய பரிவர்த்தனையை விடுவிக்க உலகத்தில் யாருக்கும் உங்கள் சொற்கள் தேவைப்படாது. கேட்கிறவர் எவராக இருந்தாலும் திருட வந்தவர்தான்.

விடுவிக்கும் வழி எங்கள் கையிலேயே இருந்தது. அதற்கு ஆர்பிஎஃப் என்று பெயர்: அதே துண்டை அதிகக் கட்டணத்தோடு மறுபடி செலவழித்து, பழைய பரிவர்த்தனைக்குப் பதிலாகப் புதியதை வைப்பது. ஸ்பாரோவில் காத்திருக்கும் பரிவர்த்தனையின் மேல் வலது சொடுக்கினால் கட்டணத்தைக் கூட்டும் வசதி வரும். வி-பைட்டுக்கு 6 என்று மாற்றினேன். கட்டணம் 1,134 சடோஷி. சில்லறை திரும்பும் முகவரி இதில் இல்லை, முழுத் துண்டையும் அனுப்புகிறோம். அதனால் கூடுதல் கட்டணம் போய்ச்சேரும் தொகையிலிருந்தே கழிந்தது. 59,811 வர வேண்டிய இடத்தில் 58,866.

மாற்றியதும் அத்தான் இன்னொரு முறை திடுக்கிட்டார். பழைய பரிவர்த்தனை எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைத்துத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். "அப்படி ஒன்று இல்லை" என்று வந்துவிட்டது. கட்டணம் மாறினால் எண்ணும் மாறிவிடும். புது எண்ணைக் கொடுத்ததும் கிடைத்தது. இரண்டாவது பிளாக்கிலேயே ஏறிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அனுப்பியவர் தன் பரிவர்த்தனையை இவ்வளவு எளிதாக மாற்ற முடிகிறது என்றால், வேறு முகவரிக்கும் திருப்பிவிட முடியும். வேலை முடித்துக் கோப்பை ஒப்படைக்கும் அத்தான் மாதிரி ஆட்கள், "காசு அனுப்பிட்டேன், பாருங்க" என்று காத்திருக்கும் நிலையில் உள்ளதைக் காட்டினால் அதை வரவாகவே எண்ணக் கூடாது. ஒரு பிளாக்கிலாவது ஏறட்டும். இத்தனை நாளும் அவர் திரையில் தெரிந்த உடனே கோப்பை அனுப்பிக்கொண்டிருந்தாராம். ஒருவர்கூட ஏமாற்றவில்லை என்பது நல்ல விஷயம்தான்.

ஞாயிறு விடியற்காலை நெரிசல் கலைந்து, வி-பைட்டுக்கு 2 சடோஷியில் பிளாக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. மீதி 23 துண்டுகளையும் ஒன்றாக்க அதுதான் நேரம்.

ஒவ்வொன்றாகப் பார்த்தபோது இரண்டு துண்டுகள் சரியாக 546 சடோஷி. யார் அனுப்பியது என்று அத்தானுக்குத் தெரியவில்லை. பழைய வகை முகவரிக்கு இதைவிடச் சிறிய தொகையை இயல்பான அமைப்பில் கணினிகள் கடத்தாது. அந்த எல்லையிலேயே நிற்கும் தூசு இது. இப்படித் தூவி, அது எந்தத் துண்டுகளோடு சேர்ந்து செலவாகிறது என்று பார்த்து ஒருவரின் முகவரிகளைக் கண்டுபிடிக்கும் பழக்கம் உண்டு. வி-பைட்டுக்கு 4 சடோஷி என்றாலே ஒரு துண்டைச் செலவழிக்க 592 ஆகிவிடும், துண்டின் மதிப்பைவிட அதிகம். இரண்டையும் ஸ்பாரோவில் முடக்கிவைத்தேன்.

மீதி 21 துண்டுகள், மொத்தம் 20,80,000 சடோஷி. பரிவர்த்தனை அளவு 3,149 வி-பைட். வி-பைட்டுக்கு 2 வைத்தால் 6,298 சடோஷி. இதையே 40 சடோஷி ஓடும் நாளில் செய்திருந்தால் 1,25,960 போயிருக்கும். 2024 ஏப்ரலில் 8,40,000-ஆம் பிளாக்கில் மைனர்களின் வெகுமதி 3.125 பிட்காயினாகக் குறைந்த அன்று கட்டணம் எகிறியதை நேரில் பார்த்தவன் நான். அப்படி ஒரு நாளில் இந்தச் சிறு துண்டுகளில் பலவற்றைத் தொட்டிருக்கவே முடியாது. சிறு வரவுகளை வாங்குகிறவர்கள் நெரிசலற்ற நாளில் அவற்றை ஒன்றாக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றாக்கினால் எல்லா முகவரிகளும் ஒருவருடையவை என்று வெளியே தெரிந்துவிடும். அத்தானுக்கு எல்லாமே தொழில் வரவு என்பதால் கவலை இல்லை என்றார். ஒவ்வொருவரும் யோசித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

கையெழுத்திடும் முன் கட்டண வரியை மட்டும் தனியாக ஒருமுறை வாசித்தோம். 2023 செப்டம்பரில் பாக்ஸோஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் ஒரு சிறு பரிவர்த்தனைக்கு ஏறக்குறைய 20 பிட்காயினைக் கட்டணமாகச் செலுத்திவிட்டது. பிளாக்கைக் கண்டுபிடித்த எஃப்2பூல் என்ற மைனர் குழு திருப்பிக் கொடுத்ததால் தப்பித்தார்கள். சில்லறைக்கு முகவரி குறிப்பிடாமல் விட்டால் மிச்சமெல்லாம் மைனருக்குப் போய்விடும் என்பது விதி. திருப்பித் தருவது அவர் மனசு.

அனுப்பினோம். பிளாக் வரவில்லை. பத்து நிமிடம், இருபது, நாற்பது. 47-ஆவது நிமிடத்தில்தான் வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பது சராசரி மட்டுமே. தாயக்கட்டை உருட்டுவது மாதிரி. இத்தனை உருட்டில் விழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் இடைவெளிகூடக் கணக்குப்படி ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை வரும்.

முதல் பிளாக்கில் ஏறினால் ஒரு கன்ஃபர்மேஷன். அதன் மேல் ஒவ்வொரு பிளாக் அடுக்கப்படும்போதும் ஒன்று கூடும். "ஆறு வேணும்னு எல்லாரும் சொல்றாங்களே, யார் வச்ச கணக்கு?" என்று அத்தான் கேட்டார். பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ 2008-இல் எழுதிய கட்டுரையிலேயே கணக்கு இருக்கிறது. மைனர்களின் மொத்தக் கணினித் திறனில் 10 சதவீதம் வைத்திருப்பவன் பின்னால் போய் வரலாற்றை மாற்றி எழுதும் வாய்ப்பு, 5 பிளாக்கில் 0.1 சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. அவனிடம் 30 சதவீதம் இருந்தால் அதே பாதுகாப்புக்கு 24 பிளாக் வேண்டும். ஆக ஆறு என்பது தெய்வ வாக்கு இல்லை. 2013 மார்ச்சில் மென்பொருளின் இரண்டு பதிப்புகளுக்கு இடையே முரண்பாடு வந்து பிளாக்குகளின் சங்கிலி பிளந்தபோது, ஒரு கிளையின் 24 பிளாக்குகள் கைவிடப்பட்டன. லோகோ கூலிக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். வீடு விற்ற காசாக இருந்தால் நான் ஆறுக்கு மேலும் காத்திருப்பேன்.

திங்கள்கிழமை எதிர்பாராத இன்னொரு வேலை. அத்தானின் வாடிக்கையாளர் ஒருவர் புது முகவரிக்கு அனுப்பிய தொகை 1 சடோஷி விலையில் மாட்டிக்கொண்டது. அவருடைய ஆப்பில் கட்டணத்தைக் கூட்டும் வசதி இல்லையாம். வாங்குகிறவரும் தள்ளிவிடலாம்: ஏறாத அந்தத் தொகையையே எடுத்து, அதிகக் கட்டணத்தில் நமக்கே அனுப்பிக்கொள்வது. ஏறாத பரிவர்த்தனை தாய், அதைச் செலவழிக்கும் புதியது குழந்தை. குழந்தையை ஏற்ற வேண்டுமானால் தாயையும் சேர்த்துத்தான் ஏற்ற முடியும், மைனர் இரண்டின் சராசரி விலையைப் பார்க்கிறார். தாய் 141 வி-பைட், 141 சடோஷி. குழந்தை 110 வி-பைட். சேர்த்து 251 வி-பைட்டுக்கு 5 வீதம் 1,255 வேண்டும். தாய் கொடுத்தது போகக் குழந்தை 1,114 கொடுக்க வேண்டும். கொடுத்தோம். அரை மணியில் இரண்டும் ஒரே பிளாக்கில் ஏறின.

எனக்கு மிகவும் பிடித்த வேலை கடைசியில்தான் வந்தது. 24 சொற்கள் தாளில் மட்டும் இருப்பது போதாது. கரையான், தண்ணீர், நெருப்பு எல்லாம் இருக்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், எஃகு 1,400 வரை தாங்கும். லேத் பட்டறையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை இரண்டு வாங்கி வந்தேன். ஹார்டுவேர் கடையில் 3 மில்லிமீட்டர் எழுத்து பஞ்ச் செட் கிடைத்தது. சொற்களைப் பட்டறைக்காரரிடம் கொடுத்துப் பொறிக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாலட்டுகள் இந்தச் சொற்களை எடுக்கும் பிப் 39 என்ற பட்டியலில் உள்ள 2,048 ஆங்கிலச் சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. எனவே சொல்லுக்கு நான்கு எழுத்து போதும், அதிகபட்சம் 96 அடி. ஸ்டெயின்லெஸ் கடினமானது, இரண்டு முறை தட்டினால் எழுத்து இரட்டையாகிவிடும். ஓங்கி ஒரே அடி. அடியில் பழைய ரெயில் தண்டவாளத் துண்டு. கோடு நேராக வர மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டோம். நான் பஞ்ச்சைப் பிடிக்க அத்தான் அடித்தார். அவருடைய டிசைனர் கண்ணுக்கு எழுத்து இடைவெளி கோணலானது பொறுக்கவில்லை.

பொறித்து முடித்ததும் கருவியை மறுபடி அழித்து, இந்த முறை தகட்டை மட்டும் பார்த்து ஏற்றினோம். பதினோராவது சொல்லில் ஓர் எழுத்து ஜியா சியா என்று விளங்கவில்லை. 24 சொற்களுக்குள் 8 பிட் சரிபார்ப்பு ஒளிந்திருக்கிறது. தவறான சொல் தப்பித்துப்போகும் வாய்ப்பு 256-இல் ஒன்று. சி என்று போட்டபோது மறுத்தது, ஜி ஏற்றுக்கொண்டது, முகவரியும் ஒத்துப்போனது. அந்த எழுத்தை மட்டும் ஆழமாக மீண்டும் அடித்தோம்.

கூடுதல் ரகசியச் சொல் வைக்கலாமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். அது மறந்துபோனால் சரிபார்ப்புகூட எச்சரிக்காது. வெறும் காலி வாலட்டைத்தான் திறந்து காட்டும். தகடு இருக்கும் இடம் அத்தானுக்கும் அக்காவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் வைக்கச் சொன்னேன், வைத்துவிட்டார்கள்.

உப்பிய போனை மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தாயிற்று. ஆனால் பழைய 12 சொற்கள் எழுதிய தாளைக் கிழிக்கவில்லை. பழைய வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களில் பழைய முகவரிகள் இன்னும் இருக்கின்றன. யாராவது அங்கே அனுப்பினால் எடுக்க அந்தச் சொற்கள் வேண்டும். கிளவுடில் கிடந்த போட்டோவை அழித்துவிட்டாலும் அதுவரை யார் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது, எனவே அங்கே வருவதை உடனே எடுத்துவிட வேண்டும். பழைய முகவரிகளைப் பார்க்க மட்டும் முடிகிற வாலட் ஒன்றை அத்தானின் புதுப் போனில் போட்டுக் கொடுத்தேன். போன வாரம் ஒருவர் அப்படித்தான் பழைய முகவரிக்கு அனுப்பியிருந்தார். அத்தான் என்னைக் கூப்பிடவில்லை. 3 சடோஷி விலையில் தானே புது வாலட்டுக்கு மாற்றி, மூன்று கன்ஃபர்மேஷன் ஆனதும் படம் எடுத்து அனுப்பினார்.